இரண்டாம் வகுப்பு இல்லாத பள்ளிக்கூடம்

வள்ளி கும்மியைப் பற்றி எழுதப்படுகிறவற்றை இரண்டு கட்டாகப் பிரித்து வைத்துவிடலாம். ஒன்று, அழியப் போன கலை மீண்டுவிட்டது என்று பூரிப்பவை. இன்னொன்று, அந்தக் கலை சாதிக்கும் ஓட்டுக்கும் ஆள் சேர்க்கிறது என்று எச்சரிப்பவை. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே அரங்கேற்ற நாளைப் பார்த்து எழுதப்பட்டவை. அதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதம், ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டி, ஊர்க் கோயில் மைதானத்தில் ட்யூப் லைட் வெளிச்சத்தில் நடக்கிற வகுப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கலையாகவோ அரசியலாகவோ பார்ப்பதற்கு முன்னால் அதை ஒரு வகுப்பறையாகப் பார்க்கலாம்.

வகுப்பறையாகப் பார்த்தால் முதலில் வருவது திகைப்பு. பெருந்துறையைச் சுற்றி விஜயமங்கலம், காஞ்சிக்கோயில், சென்னிமலை என்று எந்தப் பக்கம் போனாலும், ஒரு பேட்ச்சில் நிற்கிறவர்களைப் பாருங்கள். ரெண்டாப்பு படிக்கிற பொண்ணு. அதற்குப் பக்கத்தில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும் அக்கா. முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு வந்திருக்கிற ஐம்பத்தெட்டு வயது அம்மா. நாலாவது அரங்கேற்றம் ஆடுகிறவரும் இருக்கிறார், நேற்றுத்தான் சேர்ந்தவரும் இருக்கிறார். சொல்லிக்கொடுக்க இருப்பது ஒரே வாத்தியார், ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற எவரிடமும் இந்தக் கூட்டத்தைக் காட்டினால், முதலில் இதை நாலாகப் பிரியுங்கள் என்றுதான் சொல்வார். இங்கே யாரும் பிரிப்பதில்லை. ஆனாலும் எழுபது எண்பது நாளில் இத்தனை பேரும் ஒரே நிறப் புடவையில், காலில் சலங்கையோடு, மூன்று மணி நேரம் ஆடி முடித்துவிடுகிறார்கள். இது எப்படி நடக்கிறது என்பது ஒரு கேள்வி. அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்குப் போகுமுன் கொஞ்சம் சீனாவுக்குப் போய்விட்டு வர வேண்டும். பல நிலை மாணவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதை அரசாங்கமே உட்கார்ந்து யோசித்த இடம் அது. பெங்களூரில் வேலை பார்த்தபோது நான் வாரம் இரண்டு நாள் தாய் சி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். மெதுவாகக் கையைத் தூக்கி மெதுவாக இறக்குவதுதானே என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். யாங் மரபின் நீண்ட வடிவத்தில் நூறுக்கு மேல் அசைவுகள். எப்படி எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து 85 என்றும் 103 என்றும் 108 என்றும் கணக்கு மாறும். ஒருமுறை ஆடி முடிக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும், வரிசையை மனப்பாடம் செய்யவே மாதக்கணக்கில் ஆகும். தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் பள்ளி மாணவனுக்கும் இதை எப்படிக் கொண்டுபோவது?

1956-இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் ஒரு வழி செய்தது. நீண்ட வடிவத்தில் திரும்பத் திரும்ப வருகிறவற்றை எடுத்துவிட்டு 24 அசைவுகளாகச் சுருக்கியது. சுருக்கியது பெரிய விஷயமில்லை. எளியதிலிருந்து கடினத்துக்கு என்று அவற்றை அடுக்கி வைத்ததுதான் கெட்டிக்காரத்தனம். பழைய வடிவத்தில் கடினமும் எளியதும் கலந்து வரும். புதியதில் முன்னே நடப்பது, பின்னே நடப்பது, இடமும் வலமும் மாற்றிச் செய்வது என்று ஆரம்பிக்கிறது. குதிகாலால் உதைப்பது 13-ஆவது அசைவில்தான் வருகிறது. ஒற்றைக் காலை மடக்கி, உடம்பைத் தரையோடு தாழ்த்தி ஊர்வது 16-இல். ஆறு நிமிட ஆட்டத்துக்குள்ளேயே ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. 16 வராதவர் 12 வரைக்கும் நன்றாகவே ஆடலாம். பிறகு 1957-இல் 88 அசைவு வடிவம், 1976-இல் 48, 1989-இல் போட்டிகளுக்கென்று 42. ஏணிக்குப் படிகள் போட்டுக்கொண்டே போனார்கள்.

ஏணி மட்டும் போதாது என்பதும் அந்த வகுப்புகளில் தெரியும். தாய் சி ஆடும்போது உடம்பு திரும்பிக்கொண்டே இருக்கும். வாத்தியார் முன்னால் நிற்கிறார், புதியவர் அவரைப் பார்த்துச் செய்கிறார். ஒரு திருப்பம் வந்ததும் வாத்தியார் முதுகுக்குப் பின்னால் போய்விடுவார். முதல் வரிசை கடைசி வரிசையாகிவிடும். அதனால் அனுபவம் உள்ளவர்களை நாலு மூலையிலும் நிறுத்துவார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணுக்கு எதிரே தெரிந்தவர் ஒருவர் இருப்பார். அந்த மூலையில் நிற்பவருக்கும் அது பாடம்தான், நம்மைப் பார்த்து நாலு பேர் செய்கிறார்கள் என்றால் கால் தானாக ஒழுங்குக்கு வரும். இதைத் தவிர, ஒரே அசைவை உயரமாக நின்றும் செய்யலாம், நடுத்தரமாகவும் செய்யலாம், தாழ்ந்தும் செய்யலாம். வயதானவர் நிமிர்ந்தபடி ஆடுவார், பக்கத்தில் இளைஞன் தொடை நடுங்கத் தாழ்ந்து ஆடுவான். வடிவம் ஒன்று, ஆழம் அவரவர்க்கு.

ஆக, இரண்டு விதமான விடைகள் இருக்கின்றன. ஆட்களைப் பிரித்து அடுக்குவது ஒன்று. ஜூடோவில் கானோ ஜிகோரோ 1880-களில் தொடங்கிய ‘டான்’ தரவரிசையிலிருந்து, இன்றைக்கு நம்மூர் கராத்தே கிளாஸ் பையன் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிற மஞ்சள் பெல்ட் வரைக்கும் இந்த வழிதான். வடிவத்துக்குள்ளேயே நிலைகளை வைத்துவிடுவது இன்னொன்று. பி.கே.எஸ். அய்யங்கார் 1966-இல் வெளியிட்ட யோகப் புத்தகத்தில் ஒவ்வொரு ஆசனத்துக்கும் கடினத்தைக் குறிக்க ஒரு எண் போட்டார், அது முதல் வகை. அவரோடு அதே குரு கிருஷ்ணமாச்சாரியிடம் படித்த பட்டாபி ஜோய்ஸ் மைசூரில் நடத்தியது வேறு மாதிரி. ஒரே அறையில் எல்லாரும் ஒரே வரிசையை அவரவர் மூச்சுக்கு ஏற்பச் செய்வார்கள். யாருக்கு எதுவரை சொல்லிக்கொடுத்தாரோ அதோடு அவர் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரே குருவிடம் படித்த இருவர் எதிரெதிர் விடைக்குப் போனார்கள் என்பதே, இதற்கு ஒற்றை விடை கிடையாது என்பதைக் காட்டுகிறது.

வள்ளி கும்மி இந்த இரண்டாவது வகை. எந்த ஆணையமும் உட்கார்ந்து யோசிக்காமலே அந்த விடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் சி வகுப்பில் நாலு மூலைக்கு நாலு பேர் தேவைப்பட்டதற்குக் காரணம், வரிசைக்கு முன்னும் பின்னும் உண்டு. வட்டத்துக்குக் கிடையாது. எனக்கு முன்னால் ஒருவர் போகிறார், அவர் காலைப் பார்க்கலாம். உள்பக்கம் திரும்பினால் எதிர்ப்புறத்தில் முழு ஆளே தெரிகிறார், கையும் காலும் சேர்த்துப் பார்க்கலாம். திரும்பி நின்றாலும் பின்னால் வந்தவர் முன்னால் வந்துவிடுகிறார். கூட்டம் அதிகமானால் வட்டத்துக்குள் வட்டம் போடுவார்கள், அப்போதும் சிறுபிள்ளைகளுக்கு உள்வட்டம். வட்டத்தில் கடைசி ஆள் என்று ஒருவர் இல்லை. வெட்கப்படுகிறவர் போய் ஒளிந்துகொள்ளக் கடைசி வரிசை இல்லாததால், வேறு வழியின்றி அவரும் ஆடிவிடுகிறார்.

அப்புறம் கைதட்டு. இது கண்ணுக்கான பாடமே இல்லை, காதுக்கானது. கால் தப்பினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. கை தப்பினால் எல்லாருக்கும் கேட்கும், முக்கியமாகத் தட்டியவருக்கே கேட்கும். நூறு கை சேர்ந்து விழுகிற சத்தத்துக்கு அரை நொடி தள்ளி நம் கை மட்டும் தனியாக விழுந்தால், வாத்தியார் பெயர் சொல்லித் திருத்த வேண்டியதில்லை. அடுத்த சுற்றில் சரியாகிவிடும். அடுத்த சுற்று என்று ஒன்று எப்போதும் உண்டு. ஒரு பாட்டுக்கு ஒரு அடவு, அது பத்துப் பதினைந்து முறை திரும்ப வரும். முதல் இரண்டு சுற்று தட்டுத்தடுமாறலாம், மூன்றாவதில் பிடித்துக்கொள்ளலாம், ஏழாவதில் சிரித்துக்கொண்டே ஆடலாம். தாய் சி நீண்ட வடிவத்திலிருந்து எடுத்தெறிந்த அந்தத் திரும்ப வருதலைத்தான் கும்மி தன் முதலாகவே வைத்திருக்கிறது.

வேகமும் அப்படித்தான். மெதுவாக ஆரம்பித்துக் கடைசியில் ஓட்டமும் துள்ளலுமாக முடியும் பாட்டுகளில், முழங்கால் வலிக்காரர் துள்ள மாட்டார். காலைத் தேய்த்து வைத்துக்கொண்டு கையை மட்டும் விடாமல் தட்டுவார். வட்டம் உடையாது. என் பெரியம்மா ஆடுவது இப்படித்தான். குனிந்து நிமிர வேண்டிய இடத்தில் தலையை மட்டும் குனிந்து நிமிர்வார். எதிரில் நின்று பார்த்தால் தப்பே தெரியாது. “குனியறாப்பல காட்டோணும், அவ்வளவுதான் கண்ணு” என்பார். தாய் சி வாத்தியார்கள் உயர்ந்த நிலை, தாழ்ந்த நிலை என்று சொல்லிக்கொடுப்பதை அவர் சொந்தமாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

பழகியவரையும் பழகாதவரையும் மாற்றி மாற்றி நிறுத்துகிற வழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. எங்கள் தொழிலில் புதிதாய்ச் சேர்ந்தவரை அனுபவசாலி பக்கத்தில் உட்கார வைத்து, இருவரும் ஒரே திரையில் நிரல் எழுதச் சொல்வோம். இதற்கென்று கம்பெனிகள் பயிற்சியாளரைக் கூப்பிட்டுக் காசு கொடுத்துப் பாடம் கேட்கின்றன. கோயில் மைதானத்தில் வாத்தியார் கையைக் காட்டி, “அம்மிணி, நீ இந்தப் பக்கம் வந்து அவிய ரெண்டு பேருக்கு நடுவுல நில்லு” என்பதோடு வேலை முடிந்துவிடுகிறது.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இந்த வட்டம் எல்லாருக்கும் எப்போதும் திறந்திருந்ததில்லை. கும்மி என்றால் பெண்கள் ஆட்டம் என்று மற்ற ஊர்களில் நினைப்பார்கள். வள்ளி ஒயில் கும்மியை ஆடிவந்தது ஆண்கள். மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டியைச் சேர்ந்த மூத்த கலைஞர் பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது முதன்மையாகச் சொல்லப்பட்ட காரணம், அவர் பெண்களை இதில் சேர்த்துப் பழக்கினார் என்பதே. ஒரு தலைமுறைக்குள் நிலைமை தலைகீழாகி, இன்றைக்கு வட்டத்தில் பெரும்பகுதி பெண்கள். வேலை, வீடு, தொலைக்காட்சி என்று மூன்றுக்குள் இருந்தவர்களுக்கு ராத்திரி இரண்டு மணி நேரம் வெளியே வர ஒரு காரணம் கிடைத்தது. வீட்டில் யாரும் தடுக்க முடியாத காரணம், ஏனென்றால் அது சாமி காரியம். இந்தக் கலையின் வளர்ச்சிக்கு எந்த மேடைப் பேச்சாளரைவிடவும் இந்த இரண்டு மணி நேரம்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது விலைக்கு வருவோம்.

அரங்கேற்றம் முடிந்த மறுவாரம் என்ன? பரதநாட்டியத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு அர்த்தம் உண்டு. ஏழெட்டு வருடம் படித்த பிறகு நடப்பது. அதிலிருந்துதான் ஒருவர் ஆடுகிறவராகக் கணக்கு ஆரம்பமாகும். வள்ளி கும்மியில் அதே சொல் மூன்றாம் மாதத்தில் வந்துவிடுகிறது, வந்ததோடு பாடம் முடிந்தும்விடுகிறது. அதன் பிறகு பக்கத்து ஊர் அரங்கேற்றத்துக்கு அதே புடவையைக் கட்டிக்கொண்டு வேன் ஏறிப்போய் ஆடலாம். ஆடுகிறார்கள், சந்தோஷமாகவே ஆடுகிறார்கள். ஆனால் ஆடுவது அதே பாட்டு, அதே அடவு. நாலாவது அரங்கேற்றம் ஆடுகிறவரும் முதல் அரங்கேற்றம் ஆடுகிறவரும் படிப்பது ஒரே பாடம். முதல் வகுப்பில் எல்லாரையும் சேர்த்துக்கொண்டு அருமையாகச் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்தில், இரண்டாம் வகுப்பு என்ற அறையே கட்டப்படவில்லை.

இரண்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. பாட்டு இருக்கிறது. வள்ளி கும்மி என்பது ஒரு கதையைப் பாடி ஆடுவது. நம்பிராசன் வீட்டில் வளர்ந்த வள்ளி, தினைப்புனம் காக்கப் போனது, கவண் கல் எறிந்தது, வேடனாக வந்தவன் வேங்கை மரமாக நின்றது, கிழவனாக வந்து தண்ணி கேட்டது, யானைக்குப் பயந்து அவள் அவனைக் கட்டிக்கொண்டது, கடைசியில் கல்யாணம். இவ்வளவையும் வாத்தியார் பாடுகிறார். மைக் அவர் கையில் இருக்கிறது. ஆடுகிறவர்கள் பின்பாட்டில் இரண்டு அடியை வாங்கிச் சொல்கிறார்கள். கால் அவர்களுடையது, கையும் அவர்களுடையது, குரல் மட்டும் வாத்தியாருடையது. எழுபது நாளில் வள்ளி எப்போது குனிவாள், எப்போது திரும்புவாள் என்று நூறு பெண்களுக்குத் தெரிந்துவிடும். வள்ளி என்ன சொன்னாள் என்று அந்த நூறு பேரில் தனியாக நின்று பாடச் சொன்னால் எத்தனை பேர் பாடுவார்கள்? நான் பார்த்த பேட்ச்சுகளில் இரண்டு பேர், மூன்று பேர். பெண் ஆசிரியர்கள் இப்போது வந்திருக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் அவர்கள் வாத்தியார் பக்கத்தில் வருடக்கணக்கில் நின்று, கேட்டுக் கேட்டுத் தாங்களாகப் பிடித்துக்கொண்டு மேலே வந்தவர்கள். வகுப்பு அவர்களை ஏற்றிவிடவில்லை.

இதே ஊர்களில், பல சமயம் இதே பெண்கள் போகிற இன்னொரு வகுப்பை இதோடு வைத்துப் பாருங்கள். மனவளக்கலை. கூடுவாஞ்சேரி நெசவாளர் குடும்பத்தில் 1911-இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி அமைத்தது. 1984-இல் ஆழியாறில் அறிவுத் திருக்கோயில் வந்த பிறகு கொங்கு நாட்டில் அந்த மன்றம் இல்லாத டவுனைத் தேட வேண்டும். அவருடைய தத்துவத்தை இங்கே எடைபோட வரவில்லை, பாடத்திட்டத்தை மட்டும் பார்க்கிறேன். உடற்பயிற்சி கையில் ஆரம்பித்து, கால், மூச்சு, கண் என்று போய், உடலைத் தளர்த்திப் படுப்பதில் முடியும். எழுபது வயதுக்காரரும் செய்யலாம். அது எல்லாருக்குமான தரைத்தளம். அதற்கு மேல் ஆக்கினை, சாந்தி, துரியம் என்று தவம் படிப்படியாக ஏறும். அகத்தாய்வு மூன்று கட்டம். அப்புறம் பிரம்மஞானம். அதையும் முடித்தால் ‘அருள்நிதி’ பட்டம் பெற்று, சொல்லிக்கொடுக்கிற இடத்துக்கே வந்துவிடலாம். முழங்கால் வலிக்கு மருந்தாக இருக்கட்டும் என்று போன இல்லத்தரசி நாலைந்து வருடத்தில் முன்னால் உட்கார்ந்து பாடம் எடுப்பதை எங்கள் பக்கம் சாதாரணமாகப் பார்க்கலாம்.

அங்கே ஏணி இருக்கிறது, வட்டம் இல்லை. படி ஏறியவர் ஏறாதவரோடு சேர்ந்து செய்வது குறைந்துகொண்டே போகும். கும்மியில் வட்டம் இருக்கிறது, ஏணி இல்லை. காலை ஆறு மணிக்கு அங்கே, ராத்திரி எட்டு மணிக்கு இங்கே என்று போய்வருகிற அக்காமார்களிடம் இரண்டில் எது பிடிக்கும் என்று கேட்டால், கும்மிதான் என்று யோசிக்காமல் சொல்வார்கள். எதில் நீங்கள் முன்னேறியிருக்கிறீர்கள் என்று கேட்டால் பதில் மாறிவிடும்.

இந்தக் குறை வெறும் கல்விக் குறை என்றால் இவ்வளவு நீட்டி எழுத வேண்டியதில்லை. அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்காகத்தான் எழுதுகிறேன். இரண்டாம் வகுப்பு இல்லாத இடத்தில் வளர்ச்சி என்பதற்கு எண்ணிக்கை ஒன்றே அர்த்தமாகிறது. ஆழமாகப் போக வழி இல்லை, அதனால் அகலமாகப் போகிறார்கள். நூறு பேர் ஆடினார்கள், அடுத்தது ஐநூறு, அடுத்தது ஆயிரம். 2024-இன் தொடக்கத்தில் இதே பெருந்துறையில், ஒரு கட்சி நடத்திய மாநாட்டில் 16,000 பெண்கள் சேர்ந்து ஆடி, கின்னஸ் சாதனை என்று செய்தி வந்தது. அந்த நாளை நான் கேலி செய்ய மாட்டேன். போய்வந்தவர்கள் முகத்தில் இருந்த பூரிப்பு பொய் இல்லை. கல்யாணத்துக்கும் காது குத்துக்கும் தவிர வெளியே போகாத எத்தனையோ பேர் தங்கள் பெயரில், தங்கள் காலால் போய்வந்த நாள் அது.

ஆனால் வகுப்பறைக் கண்ணோடு பார்த்தால் சாதனைக் கூட்டம் கும்மியின் எல்லா நல்ல ஏற்பாடுகளையும் தலைகீழாக்குகிறது. எண்ணுவதற்கு ஆட்கள் ஒழுங்கான வரிசையில் நிற்க வேண்டும். வரிசை வந்தால் கடைசி வரிசையும் வரும், மேடைக்கு மிக அருகில், மிகத் தூரத்தில் என்ற தரமும் வரும். ஒரே நேரத்தில் ஒரே அசைவு வேண்டும் என்றால், எல்லாருக்கும் வரக்கூடிய ஒரே அசைவைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரியம்மாவின் பாதிக் குனிதலுக்கும் இளம்பெண்ணின் துள்ளலுக்கும் அங்கே இடம் இல்லை. நூறு பேர் கைதட்டில் என் தட்டு தனியாக விழுந்தால் எனக்குக் கேட்கும். பதினாறாயிரம் பேரில், ஸ்பீக்கர் அலறலில், எனக்கு என் கையே கேட்காது. காதுக்கான பாடம் அங்கே நின்றுபோகிறது. மேலே இருந்து எடுக்கும் ட்ரோன் படத்துக்கு அது அழகாக இருக்கும், அதுவும் அழகுதான்.

இன்னொரு இடத்துக்கும் இந்தக் குறை கொண்டுபோய் விட்டிருக்கிறது. சில அரங்கேற்றங்களில், மேடையிலிருந்து ஒருவர் சொல்லச் சொல்ல, சொந்தச் சாதியிலேயே கல்யாணம் செய்துகொள்வோம் என்று பெண்பிள்ளைகள் கை நீட்டி உறுதி சொன்னது காணொளியாகப் பரவி, செய்தியாகி, சண்டையும் ஆனது. எழுதியவர்கள் எல்லாரும் முதலில் சொன்னது அதன் முரணைத்தான். வேறு குலத்து ஆணைத் தானே விரும்பி, அப்பனுக்குத் தெரியாமல் அவனோடு போன குறவர் மகளின் கதையை மூன்று மணி நேரம் ஆடிவிட்டா இந்தச் சத்தியம்? நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பிள்ளைகளைக் கபடக்காரர்கள் போலவோ அறியாதவர்கள் போலவோ பார்த்துக் கேட்கப்பட்ட கேள்வி. ஒரு வகுப்பறைக் காரணமும் இருக்கிறது என்பது என் எண்ணம். அவர்கள் வள்ளியின் கதையை ஆடினார்கள், ஆனால் கதை அவர்கள் வாயில் இருக்கவில்லை. எழுபது நாளும் வேறொருவர் பாட, அந்தப் பாட்டுக்குக் கால் வைத்துப் பழகியவர்கள். மைக்கில் இருக்கும் குரல் சொன்னதற்குக் கையை அசைப்பதுதான் அந்த எழுபது நாள் பயிற்சி. எழுபத்தோராம் நாளும் அதே மைக் சொன்னது, அதே கை நீண்டது.

அந்தப் பெண்களில் ஒருத்தி, கிழவனாக வந்தவனுக்கு வள்ளி சொல்லும் பதிலைத் தன் குரலில் நூறு முறை பாடிப் பழகியிருந்தால், நம்பிராசனுக்கும் மகளுக்கும் நடுவில் இருக்கும் இழுபறியை ஒருநாள் இந்தப் பக்கமும் ஒருநாள் அந்தப் பக்கமும் நின்று பாடியிருந்தால், அவள் சாதி மறந்துவிடுவாள் என்று சொல்லவில்லை. சாதி அத்தனை லேசான சாமான் இல்லை. ஆனால் அந்த உறுதிமொழி வாயில் வரும்போது ஏதோ ஒன்று இடறும். தொண்டைக்கு அந்தக் கதை தெரிந்திருக்கும்.

தாய் சியிலும் இப்படி விடுபட்ட ஒரு பாடம் உண்டு. தனியாக ஆடுகிற அசைவுகளுக்கு என்ன பொருள் என்பது, இரண்டு பேர் எதிரெதிரே நின்று கைகளை ஒட்டவைத்து, தள்ளியும் விட்டுக்கொடுத்தும் பழகுகிற பயிற்சியில்தான் புரியும். 24 அசைவு வடிவத்தைப் பூங்காக்களில் ஆடும் கோடிக்கணக்கானவர்களில் பெரும்பகுதிக்கு அது வாய்ப்பதில்லை. எளிதாக்கியதில் வாசல் பெரிதானது, வீட்டுக்குள் போகிறவர்கள் குறைந்தார்கள். 2020-இல் தாய் சியை யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் இந்தக் கணக்கை மாற்றிவிடவில்லை. கும்மிக்கும் இப்படிப் பட்டியல் கேட்கிற நாள் வரும். அதற்கு முன்னால் மைதானத்தில் செய்ய வேண்டியது இருக்கிறது.

ஆட்களைப் பிரிக்கச் சொல்லவில்லை. பெல்ட் கட்டச் சொல்லவில்லை, சர்டிபிகேட்டும் வேண்டாம். இரண்டு மணி நேரத்தில் முதல் ஒரு மணி இப்போது போலவே எல்லாரும் ஒரே வட்டம். நடுவில் அரை மணி மட்டும், ஒரு அரங்கேற்றம் ஆடி முடித்தவர்களைக் கோயில் திண்ணைப் பக்கம் தனியாக உட்கார வைக்கலாம். அவர்களுக்கு ஆட்டம் வேண்டாம், பாட்டு மட்டும். மைக் இல்லாமல், வாத்தியாரோ மூத்த மாணவி ஒருத்தியோ சொல்லச் சொல்ல, ஒரு வாரத்துக்கு ஒரு பாட்டு, அர்த்தத்தோடு. அந்த அரை மணியில் புதியவர்களுக்கு அடிப்படை அடவைச் சொல்லிக்கொடுக்கிற வேலை மூன்றாவது முறை ஆடுகிறவருடையது. அப்படி நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தால்தான் தனக்கு எது தெரியாது என்று அவருக்குத் தெரியும். கடைசி அரை மணி மறுபடி ஒரே வட்டம். இப்போது வட்டத்தை இரண்டு பாதியாக்கி, ஒரு பாதி வேலன் கேட்பதைப் பாட, மறுபாதி வள்ளி சொல்வதைப் பாடட்டும். மறுநாள் மாற்றிக்கொள்ளட்டும். அரங்கேற்ற மேடையில் பத்துப் பாட்டில் இரண்டையாவது மாணவிகள் முன்னின்று பாட வேண்டும்.

இதைச் சில வாத்தியார்களிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மறுப்பு மூன்று விதமாக வரும். பொம்பளைங்க குரல் அந்த மைதானத்துக்கு எட்டாதுங்க என்பது முதலாவது. அதற்குத்தான் மைக். அரங்கேற்றத் தேதி குறித்தாச்சு, இதுக்கெல்லாம் நேரம் இல்லைங்க என்பது இரண்டாவது. எழுபது நாளைத் தொண்ணூறு ஆக்கினால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை, வருகிறவர்கள் வருவதே அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான். மூன்றாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பாட்டு நோட்டுதான் வாத்தியாரின் சொத்து. அப்பா காலத்திலிருந்து வந்தது, அங்கங்கே அவரே கட்டிச் சேர்த்தது. அதைக் கொடுத்துவிட்டால் அடுத்த வருடம் பக்கத்து ஊரில் அவர் மாணவியே வகுப்பு ஆரம்பித்துவிடுவாள். இந்தப் பயத்தை அற்பம் என்று நான் தள்ள மாட்டேன். இதில் பிழைப்பு இருக்கிறது. பல வருடம் யாரும் சீந்தாமல் கிடந்தபோது அந்த நோட்டைக் கரையானிடம் கொடுக்காமல் வைத்திருந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு மாணவிகள் கொடுக்கிற கட்டணமும் தட்சணையும் ஒரு சீசனுக்கு மேல் தாங்காது.

ஆனால் பக்கத்து ஊரில் வகுப்பு ஆரம்பிக்கிற அந்த மாணவி, வாத்தியாருக்குப் போட்டி மட்டும்தானா? இன்றைக்கு ஒரு வாத்தியார் ஒரே நேரத்தில் மூன்று நாலு ஊருக்கு வண்டியில் ஓடிக்கொண்டிருக்கிறார். செவ்வாய் ஒரு ஊர், புதன் ஒரு ஊர். அவர் வராத நாளில் யூடியூப்பைப் போட்டுவிட்டு ஆடுகிறார்கள், அதில் வாத்தியார் குரல் மட்டும் இருக்கும், நடுவில் நிறுத்தி யாரும் திருத்த மாட்டார்கள். அந்த நாளில் வட்டத்துக்கு நடுவில் நின்று பாட, போன வருடம் ஆடிய ஒருத்தி இருந்தால் போதும். நோட்டை முழுதாகக் கொடுக்க வேண்டாம். அவர் வராத புதன்கிழமைக்கு வேண்டிய நாலு பாட்டைக் கொடுத்தால் போதும்.